கூரையிலிருந்து விழாத பூனைகள்: ஆங்கில மரபுத்தொடர்களின் பிறப்புக் கதைகளில் எதை நம்புவது?

கரும்பலகை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். பத்தாம் வகுப்புக்கு ஆங்கிலம் நடத்துகிறேன். மழை கொட்டும் நாள்களில் 'இட்ஸ் ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' என்ற தொடருக்கு ஒரு கதை சொல்வது என் வழக்கம். பழைய இங்கிலாந்தில் வைக்கோல் கூரை வீடுகள். குளிருக்கு நாயும் பூனையும் கூரைக்குள் புகுந்து படுத்துக்கொள்ளும். பெருமழையில் கூரை நனைந்து வழுக்க, அவை பொத்துப் பொத்தென்று கீழே விழும். அதனால் அந்தத் தொடர் வந்தது என்பேன். பதினான்கு ஆண்டுகளாக இதைச் சொல்லி வந்திருக்கிறேன்.

போன வாரம் ஒரு மாணவி எழுந்தாள். "டீச்சர், எங்கள் பாட்டி வீடு கூரை வீடுதான். மழை வந்தால் நாய் திண்ணைக்குத்தான் வரும். நனைகிற இடத்துக்கு எந்த நாயாவது ஏறுமா?" என்று கேட்டாள். வகுப்பே என்னைப் பார்த்தது. என்னிடம் பதில் இல்லை. கூரை வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு ஒரு நொடியில் தெரிந்தது எனக்கு இத்தனை ஆண்டுகளாகத் தெரியவில்லை.

அன்று இரவு உட்கார்ந்து, நான் சொல்லிக்கொடுக்கும் மற்றக் கதைகளையும் எழுதிப் பார்த்தேன். செத்துப்போவதைச் சொல்லும் 'கிக் த பக்கெட்' என்றால் வாளியின் மேல் ஏறித் தூக்கு மாட்டிக்கொண்டவன் அதை உதைத்துத் தள்ளுவது. வலியைப் பல்லைக் கடித்துத் தாங்குவதைச் சொல்லும் 'பைட் த புல்லட்' 1857 சிப்பாய்ப் புரட்சியில் பிறந்தது. கைக்கணக்கைக் குறிக்கும் 'ரூல் ஆஃப் தம்ப்' என்பது மனைவியைக் கட்டைவிரல் தடிமனுள்ள கோலால் அடிக்கலாம் என்ற சட்டம். இவற்றில் எது உண்மை? வரும் திங்கட்கிழமை அந்த மாணவிக்கு நேர்மையான பதில் தர வேண்டும். தெரிந்தவர்கள் உதவுங்கள்.

பழுப்புத்தாள்

உங்கள் மாணவிக்கு முதலில் என் வாழ்த்து. மொழி வரலாற்று ஆய்வாளர்கள் கேட்கும் முதல் கேள்வியை அவள் கேட்டிருக்கிறாள்: இந்தக் கதை நடக்கக்கூடியதா?

கூரைக் கதை எங்கிருந்து பரவியது என்பது தெரிந்த செய்தி. 1999-இல் '1500-களின் வாழ்க்கை' என்று ஒரு மின்னஞ்சல் உலகம் முழுவதும் சுற்றியது. இந்தத் தொடருக்கும் இன்னும் பலவற்றுக்கும் அதில் கதை இருந்தது. எல்லாமே படிக்கச் சுவையானவை, ஆனால் ஆதாரமில்லாதவை.

எழுத்தில் கிடைப்பது இதுதான். 1651-இல் ஹென்றி வாகன் என்ற கவிஞர் நாயும் பூனையுமாகப் பொழியும் மழையைப் பற்றி எழுதுகிறார். 1653-இல் அச்சான ரிச்சர்ட் புரோம் நாடகம் ஒன்றில் நாய்களும் காட்டுக் கீரி போன்ற ஒரு விலங்கும் மழையாகப் பெய்யும் என்று வருகிறது. இன்று நாம் சொல்லும் வடிவம் 1738-இல் ஜொனாதன் ஸ்விஃப்ட் எழுத்தில் இருக்கிறது. ஆக, 17-ஆம் நூற்றாண்டில் விலங்கின் பெயர் கூட இன்னும் ஒரு நிலைக்கு வரவில்லை. ஒருவர் பூனை என்கிறார், இன்னொருவர் வேறொன்றைச் சொல்கிறார். உண்மையிலேயே கூரையிலிருந்து ஒரு பூனை விழுந்து அதைப் பார்த்துத் தொடர் பிறந்திருந்தால் இப்படித் தடுமாறியிருக்காது. மழையைப் பெரிதாக்கிச் சொல்ல, வானத்திலிருந்து வரவே முடியாத ஒன்றைச் சொன்னார்கள். நாம் வானம் பொத்துக்கொண்டது என்கிறோம். அதற்காக வானத்தில் யாரும் ஓட்டை தேடியதில்லை.

உங்கள் பட்டியலில் மற்றவற்றுக்கு இரவு வருகிறேன்.

காஞ்சிப்பட்டு

நல்ல இழை. பட்டியலில் ஒன்றைச் சேர்க்கிறேன். 'த ஹோல் நைன் யார்ட்ஸ்', அதாவது முழுக்க முழுக்க, ஒன்று விடாமல் என்ற பொருள். இது நம் ஒன்பது கஜம் புடவையிலிருந்து போனது என்று படித்திருக்கிறேன். ஆறு கஜம் கட்டினால் சாதாரணம், மடிசார் கட்ட ஒன்பது கஜமும் வேண்டும். வெள்ளைக்காரர்கள் இங்கே இருந்தபோது கேட்டுக்கொண்டு போயிருப்பார்கள். நான் புடவைக் கடையில் வேலை பார்ப்பவள். வெளிநாட்டிலிருந்து வரும் வாடிக்கையாளர்களிடம் பெருமையாகச் சொல்வேன். இதுவாவது உண்மைதானே?

பழுப்புத்தாள்

காஞ்சிப்பட்டு அம்மா, உங்கள் பெருமை எனக்குப் புரிகிறது. ஆனாலும் தேதியைச் சொல்லாமல் இருக்க முடியாது.

ஆங்கிலத் தொடர்களிலேயே அதிகமாகத் துரத்தப்பட்டது இதுதான். இரண்டாம் உலகப்போர் விமானத் துப்பாக்கியின் தோட்டா வார் 27 அடி, அதாவது ஒன்பது கஜம் என்பார்கள். கான்கிரீட் கலக்கும் லாரியின் கொள்ளளவு என்பார்கள். ஸ்காட்லாந்துக்காரரின் பாவாடைத் துணி என்பார்கள். புடவையும் அந்த வரிசையில் ஒன்று.

பிறகு பழைய அமெரிக்கச் செய்தித்தாள்கள் கணினியில் தேடும்படி வந்தன. 1907-இல் இண்டியானா மாநிலத்தின் ஒரு சிற்றூர்ப் பத்திரிகை, உள்ளூர் பேஸ்பால் ஆட்டம் பற்றி எழுதும்போது, முழு ஒன்பது கஜத்துக்கு உறுதி தர முடியாது என்கிறது. விமானத் துப்பாக்கிக் கதை அங்கேயே விழுந்துவிட்டது. 1912-இல் கென்டக்கி மாநிலத்தின் மவுண்ட் வெர்னன் என்ற ஊர்ப் பத்திரிகையில் இதே பொருளில் 'த ஹோல் சிக்ஸ் யார்ட்ஸ்' என்று வருகிறது. செய்தியை முழுதும் சேகரிக்க முடியவில்லை, அடுத்த இதழில் ஆறு கஜத்தையும் தருகிறோம் என்கிறார் எழுதியவர். 1921-இல் தென் கரோலினாவின் பத்திரிகைத் தலைப்பு ஒன்றிலும் ஆறு கஜம்தான்.

ஆறும் ஒன்பதும்! புடவையின் இரண்டு அளவுகளும் அப்படியே அங்கே இருக்கின்றன. முதலில் பார்த்தபோது என் நெஞ்சும் ஒரு கணம் துள்ளியது. ஆனால் எழுதியவர்கள் அமெரிக்க உள்நாட்டுச் சிற்றூர்க்காரர்கள். சென்னையிலோ லண்டனிலோ அந்தக் காலத்தில் இந்தத் தொடர் அச்சில் இருந்தால் நானே முதலில் கொண்டாடுவேன். கிடைத்த பழைய சான்றுகள் எல்லாம் அமெரிக்காவின் நடுப்பகுதியையும் தெற்கையும் காட்டுகின்றன. அதோடு, எண் மாறிக்கொண்டே இருக்கிறது என்பதே முக்கியமான தடயம். ஒன்பது என்ற எண்ணை நம்பிக் கட்டிய எந்தக் கதையும், ஆறு என்று ஒரு காலத்தில் சொன்னார்கள் என்றவுடன் ஆட்டம் கண்டுவிடுகிறது.

காஞ்சிப்பட்டு

வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் வாடிக்கையாளரிடம் இனி சொல்ல மாட்டேன். ஒன்பது கஜத்தைக் கட்டும் விதத்தைச் சொன்னாலே அவர்கள் வியப்பார்கள், அது போதும்.

தோணிக்காரன்

தூத்துக்குடியிலிருந்து எழுதுகிறேன். சரக்குக் கப்பல்களில் முப்பது ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அதற்கு முன் அப்பாவோடு பாய்த்தோணியில் போயிருக்கிறேன். நீங்கள் எல்லோரும் பொய்க் கதைகளைக் களைகிறீர்கள். நான் மெய்யான சிலவற்றைச் சொல்கிறேன். டீச்சர் இவற்றைத் துணிந்து வகுப்பில் சொல்லலாம்.

'த்ரீ ஷீட்ஸ் டு த விண்ட்' என்றால் நன்றாகக் குடித்துத் தள்ளாடுகிறான் என்று பொருள். ஆங்கிலம் படித்தவர்கள் பலர் ஷீட் என்றால் கப்பலின் பாய் என்று நினைக்கிறார்கள். கப்பலில் ஷீட் என்பது பாயின் கீழ் முனையை இழுத்துப் பிடிக்கும் கயிறு. நாங்கள் தாமான் என்போம். அந்தக் கயிறு கையை விட்டுப் போய்க் காற்றில் அடித்தால் பாய் படபடக்கும், கப்பல் பிடிப்பில்லாமல் ஆடும். ஒரு கயிறு போனாலே ஆட்டம். மூன்றும் போனால்? கள்ளுக் கடையிலிருந்து வருபவனின் நடைதான். 1820-களிலேயே இது அச்சில் இருக்கிறது. சிறு வயதில் ஒரு முறை என் கையிலிருந்து தாமான் நழுவிப் போனது. அந்தச் சத்தத்தைக் கேட்டவனுக்கு இந்தத் தொடரை யாரும் விளக்க வேண்டியதில்லை.

'டேக்கன் அபேக்' என்பது திடுக்கிட்டுப் போவது. காற்று சட்டென்று எதிர்ப்பக்கம் திரும்பி, பாயை முன்னிருந்து பாய்மரத்தோடு சேர்த்து அறையும். போய்க்கொண்டிருந்த கப்பல் நின்றுவிடும், பின்வாங்கவும் செய்யும். பெரிய கப்பலில் பாய்மரமே முறியலாம். திகைப்புக்கு இதைவிடச் சரியான படம் இருக்கிறதா?

'பை அண்ட் லார்ஜ்' எனக்கு மிகவும் பிடித்தது. மொத்தத்தில் என்ற பொருளில் எல்லோரும் சொல்கிறார்கள். 'பை' என்றால் காற்றை எவ்வளவு எதிர்கொள்ள முடியுமோ அவ்வளவு நெருங்கி ஓடுவது. 'லார்ஜ்' என்றால் காற்று பின்பக்கத்திலிருந்து தள்ள ஓடுவது. ஒரு கப்பல் இரண்டிலும் நன்றாக ஓடினால், எப்படிப் பார்த்தாலும் நல்ல கப்பல். 17-ஆம் நூற்றாண்டுக் கடலோடி நூல்களிலேயே இது இருக்கிறது. அலுவலகக் கடிதத்தில் இந்தத் தொடரை எழுதுபவர், தெரியாமலேயே காற்றைப் பற்றி எழுதுகிறார்.

ஆங்கிலேயர்கள் நம்மிடமிருந்தும் ஒன்று எடுத்துக்கொண்டார்கள் என்பது தெரிந்ததுதான். வில்லியம் டாம்பியர் என்ற கடலோடி 1697-இல் அச்சிட்ட பயண நூலில் சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். இன்று அவர்கள் 'கேட்டமரான்' என்பது இரட்டை உடல் கொண்ட படகை. பெயர் மட்டும் நம் கரையில் கட்டிய மரங்களுடையது.

கோப்புக்கட்டு

தோணிக்காரன் ஐயா கயிற்றைப் பற்றிச் சொன்னார், நான் நாடாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வருவாய்த் துறையில் எழுத்தராகச் சேர்ந்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றேன். 'ரெட் டேப்' என்பதை நம் பத்திரிகைகள் சிவப்பு நாடா என்றே எழுதுகின்றன. படிக்கும் பலருக்கு அது ஒரு உவமை மட்டுமே. இங்கிலாந்தில் சட்ட ஆவணங்களையும் அரசுத் தாள்களையும் உண்மையாகவே சிவப்பு நாடாவால் கட்டி வைத்தார்கள். அங்கே வழக்கறிஞர்கள் வழக்குக் கட்டுகளை இன்றும் இளஞ்சிவப்பு நாடாவால் கட்டுகிறார்கள். 19-ஆம் நூற்றாண்டில் டிக்கன்ஸ், கார்லைல் போன்ற எழுத்தாளர்கள் அரசின் தாமதத்தைச் சாட இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டார்கள்.

நான் சேர்ந்த ஆண்டில் பதிவறையில் கட்டுக் கட்டாக நாடா போட்ட கோப்புகள் இருந்தன. முடிச்சு இறுகிப் போனவற்றைப் பல்லால் இழுத்து அவிழ்த்திருக்கிறேன். ஒரு கிழவியின் பட்டா மாற்றம் அப்படி ஒரு கட்டுக்குள் ஏழு ஆண்டு கிடந்தது. அவர் ஒவ்வொரு மாதமும் வந்து, அந்த அலமாரியைப் பார்த்துவிட்டுப் போவார். சிவப்பு நாடா என்று படிக்கும்போது எனக்கு நினைவுக்கு வருவது அவர் முகம்தான்.

பழுப்புத்தாள்

நேற்று விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன்.

*கிக் த பக்கெட்.* பிரான்சிஸ் குரோஸ் 1785-இல் வெளியிட்ட கொச்சைச் சொல் அகராதியில், சாவதற்குச் சொல்லும் தொடராக இது இருக்கிறது. தூக்கு மாட்டிக்கொள்பவன் கதை பரவலானது. ஆக்ஸ்ஃபோர்டு அகராதி காட்டும் வழி வேறு. பக்கெட் என்ற சொல்லுக்கு வாளியைத் தவிர இன்னொரு பொருள் உண்டு. பொருளைத் தொங்கவிடும் உத்தரம் அல்லது நுகம் என்பது அது. இங்கிலாந்தின் சில வட்டாரங்களில், அறுத்த பன்றியைப் பின்னங்கால்களால் கட்டித் தொங்கவிடும் மரத்துக்கு அந்தப் பெயர். உயிர் போகும் விலங்கின் கால் அந்த மரத்தை உதைக்கும். ஷேக்ஸ்பியர் நாடகமொன்றிலும் இந்தப் பொருளில் பக்கெட் வருகிறது. டீச்சர், வகுப்பில் தற்கொலைக் கதையைச் சொல்லத் தேவையே இல்லை. பதின்வயதுப் பிள்ளைகளிடம் அதை விளையாட்டாகச் சொல்வதை நிறுத்துவது நல்லது.

*பைட் த புல்லட்.* 1857-இல் சிப்பாய்கள் கடிக்க மறுத்தது உண்மை. ஆனால் அவர்கள் கடிக்க வேண்டியிருந்தது, வெடிமருந்தும் குண்டும் வைத்துக் கொழுப்புப் பூசிய உறையின் காகித முனையை. அதைக் கடித்துக் கிழித்து, வெடிமருந்தைத் துப்பாக்கிக் குழலில் கொட்ட வேண்டும். குண்டைக் கடிப்பது அதில் இல்லை. குரோஸின் அகராதியிலேயே, 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில், வேறொரு காட்சி இருக்கிறது. கசையடி வாங்கும் ராணுவ வீரர் சிலர், கத்தாமல் இருப்பதை மானமாகக் கருதி, வாயில் ஒரு குண்டை வைத்து மென்றார்கள். வலியைப் பல்லுக்குள் அடக்குவது என்பதுதான் தொடரின் பொருள். 1891-இல் கிப்ளிங் நாவலில் இது உவமையாகவே வருகிறது. கிப்ளிங் பம்பாயில் பிறந்தவர் என்பதால் 1857-ஐ இதில் சேர்க்கும் ஆசை வருகிறது போலும்.

*ரூல் ஆஃப் தம்ப்.* 17-ஆம் நூற்றாண்டிலேயே, அளவுகோல் இல்லாமல் கைக்கணக்காகச் செய்வது என்ற பொருளில் இருக்கிறது. கட்டைவிரல் தடிமன் கோல் பற்றி 1782-இல் பிரான்சிஸ் புல்லர் என்ற நீதிபதி பேசியதாகச் சொல்லி அவரை 'நீதிபதி கட்டைவிரல்' என்று கேலிப்படம் வரைந்தார்கள். அப்படி ஒரு சட்டம் எழுதப்பட்டதில்லை. தொடரையும் அந்தக் கோலையும் சேர்த்துப் பேசுவது 1970-களுக்குப் பிறகு பரவியது. மனைவியை அடித்தார்கள், நீதிமன்றங்கள் பல முறை கண்டுகொள்ளாமல் இருந்தன என்பது கொடிய உண்மை. அந்த உண்மைக்குப் பொய்யான ஒரு சொல் வரலாறு துணை நிற்க வேண்டியதில்லை.

இவ்வளவையும் எப்படித் தெரிந்துகொள்கிறோம் என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் முதல் பகுதி 1884-இல் வந்தது, பணி முடிந்தது 1928-இல். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் கிடைத்த மிகப் பழைய வரியை ஆண்டோடு கொடுப்பது என்று அவர்கள் வைத்துக்கொண்ட விதிதான் இன்று நமக்குக் கைகொடுக்கிறது. முகம் தெரியாத ஆயிரக்கணக்கான வாசகர்கள் துண்டுச் சீட்டுகளில் வரிகளை எழுதி அனுப்பினார்கள். அந்தச் சீட்டுகள் இல்லாவிட்டால் நாம் இப்போதும் கூரையில் பூனையைத் தேடிக்கொண்டிருப்போம்.

பனங்கூடல்

யாழ்ப்பாணத்தில் பிறந்து டொரொண்டோவில் இருக்கிறேன். இதே நோய் நம் பழமொழிகளுக்கும் பிடித்திருப்பதைப் பார்த்து மனம் வெதும்பி எழுதுகிறேன்.

வாட்ஸ்அப்பில் வாரம் ஒன்று வருகிறது. 'மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே' என்பது தவறாம், 'மண் குதிர்', அதாவது ஆற்று மணல் திட்டு என்பதுதான் சரியாம். 'ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்' தவறாம், 'ஆயிரம் வேரைக் கொன்றவன்' என்பதுதான் மூலமாம். 'களவும் கற்று மற' என்பது 'களவும் கத்தும் மற' என்றிருந்ததாம். கேட்டவுடன் அறிவாகத் தெரியும். ஆனால் எந்த ஏட்டில், எந்தப் புத்தகத்தில், எந்த ஆண்டில் என்று கேட்டால் பதிலே இல்லை.

மண்ணால் செய்த குதிரையில் ஏறி ஆற்றைக் கடக்க எந்த மடையனாவது போவானா என்று கேட்கிறார்கள். போக மாட்டான் என்பதில்தானே அந்தப் பழமொழியின் உயிர் இருக்கிறது! தண்ணீர் பட்டதும் கரையும் குதிரை. அந்தப் படத்தை எடுத்துவிட்டு மணல் திட்டை வைத்தால், எச்சரிக்கைப் பலகை ஒன்றுதான் மிஞ்சும். பழுப்புத்தாள் மழைக்குச் சொன்னதேதான் இதற்கும். நடக்க முடியாததைச் சொல்வது பேச்சின் ஓர் அழகு. அதை ஏதோ ஒரு விபத்தாக நினைத்துத் திருத்துகிறார்கள்.

நமக்கும் பார்க்க இடங்கள் இருக்கின்றன. பீட்டர் பெர்சிவல் என்ற பாதிரியார் முதலில் யாழ்ப்பாணத்திலும், பிறகு 1874-இல் சென்னையிலும் பழமொழிகளைத் தொகுத்து அச்சிட்டார். சென்னைப் பதிப்பில் ஆறாயிரத்துக்கும் மேல். 1897-இல் ஜென்சன் என்ற இன்னொரு பாதிரியார் ஒரு தொகுப்பு போட்டார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924-இலிருந்து 1936 வரை பகுதி பகுதியாக வந்தது. புதிய 'உண்மை வடிவம்' ஒன்று கைபேசிக்கு வந்தால், அனுப்பியவரிடம் இந்த மூன்றில் எதிலாவது பார்த்தீர்களா என்று நான் கேட்கிறேன்.

ஆங்கிலத்திலும் இப்படித்தான். இரத்த உறவே பெரிது என்று சொல்லும் 'பிளட் இஸ் திக்கர் தன் வாட்டர்' என்பதற்கு, உடன்படிக்கையின் இரத்தம் கருவறை நீரைவிடக் கனமானது என்பதே முழு வடிவம் என்று என் மகன் பள்ளியிலிருந்து கேட்டு வந்தான். பழைய சான்றே இல்லாத அண்மைக் காலத்து ஒட்டு அது.

கரும்பலகை

உங்கள் எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நேற்று வகுப்பில் முதல் பத்து நிமிடம் நான் சொன்னது தவறு என்று சொன்னேன். எப்படித் தவறு என்பதையும் ஆண்டுகளைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். தோணிக்காரன் ஐயாவின் தாமான் கயிற்றை விளக்க, ஒரு துப்பட்டாவின் இரு முனைகளைக் கட்டி மின்விசிறிக்கு முன்னால் பிடித்தோம். முடிச்சை அவிழ்த்ததும் அது படபடத்ததைப் பார்த்துப் பிள்ளைகள் கத்திய கத்தலில் பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்தார்.

அந்த மாணவி இன்னொரு கேள்வி கொடுத்திருக்கிறாள். 'பிட்வீன் த டெவில் அண்ட் த டீப் ப்ளூ சீ', அதாவது இரண்டு ஆபத்துகளுக்கு நடுவில் மாட்டிக்கொள்வது. கடலைப் பற்றியது என்பதால் ஐயாவிடம்தான் கேட்கச் சொன்னாள்.

தோணிக்காரன்

அந்தப் பிள்ளைக்குப் பதில் சொல்வது என் பேறு. கப்பலில் எனக்குச் சொல்லித்தந்தது இது. மரக்கப்பலின் பலகைகளுக்கு நடுவே உள்ள இணைப்புகளில் மிக நீளமானதுக்கு டெவில் என்று பெயர். தார் பூச ஒருவன் கப்பலின் ஓரத்தில் தொங்கினால், மேலே அந்த இணைப்பு, கீழே ஆழ்கடல். நடுவில் அவன்.

பழுப்புத்தாள்

ஐயா, மன்னிக்க வேண்டும். இந்தத் தொடர் 1637-இல் ராபர்ட் மன்ரோ என்ற ஸ்காட்லாந்துப் படைவீரரின் நூலில் இருக்கிறது. தரையில் நடந்த போரில், எதிரியின் குண்டுகளுக்கும் தம் பக்கத்துப் பீரங்கிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டதைச் சொல்லும்போது எழுதுகிறார். கப்பல் பலகை இணைப்புக்கு டெவில் என்ற பெயர் அச்சில் வருவது 19-ஆம் நூற்றாண்டில்தான். மன்ரோவின் வரியில் டெவில் என்பது சாத்தானேதான்.

தோணிக்காரன்

இருநூறு ஆண்டு இடைவெளி என்றால் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். முப்பது ஆண்டு நம்பினேன், பல இளைஞர்களுக்குச் சொல்லியும் கொடுத்தேன். டீச்சர், அந்தப் பிள்ளையிடம் 1637 என்றே சொல்லுங்கள். கப்பலில் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்த கிழவன் ஒருவன் இப்போது அதைத் திருத்திக்கொண்டான் என்றும் சொல்லுங்கள். மூன்று கயிறு மட்டும் உண்மை, அதற்கு என் கையே சாட்சி.